ஏர் ரைபிளும் ஈயப் பெல்லட்டும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ஏர் ரைபிள் என்று சொல்வது, கடையில் .177 என்று கேட்டு வாங்கும் 4.5 மி.மீ. குழாய் உள்ளதை. குழாயை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள், காற்றுச் சிலிண்டர் வைத்த பி.சி.பி. ரைபிள் இரண்டும் இதில் அடக்கம். குறி, 10 மீட்டர் தள்ளி நிற்கும் காகித அட்டை. கேள்விகள் பெரும்பாலும் பெல்லட்டைச் சுற்றியே வருகின்றன, வரவேண்டியதும் அப்படித்தான். ரைபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, பெல்லட் டப்பாவில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் நம்மில் அதிகம்.

பெல்லட் வெறும் ஈயத் துண்டுதானே, எதைப் போட்டால் என்ன?

ஒரு பெல்லட்டை நகக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்குழிந்து விரிந்த ஸ்கர்ட். தலை குழாயின் உள்மேடுகளில் தொட்டும் தொடாமலும் ஓடி, பெல்லட்டை நேராக வைத்திருக்கும். ஸ்கர்ட்டின் சுவர் மெல்லியது. பின்னாலிருந்து காற்று அழுத்தும்போது அது விரிந்து, ரைஃப்ளிங் எனப்படும், குழாயின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் பள்ளங்களில் பதியும். காற்று முன்னால் கசியாமல் அடைக்கும், பெல்லட்டையும் சுழல வைக்கும். இந்த அடைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைந்தால் வேகமும் ஒரே மாதிரி வரும். ஈயம் மெத்தென்று இருப்பது இதற்காகத்தான்.

ஸ்கர்ட் ஒரு பக்கம் நெளிந்திருந்தால் அந்தப் பக்கமாகக் காற்று தப்பும், பெல்லட் குழாய் முனையைத் தாண்டும்போதே தள்ளாடும். ஆகவே கீழே விழுந்த பெல்லட்டை எடுத்து ஊதிவிட்டுப் போடாதீர்கள். அதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். தவறு கையிலா பெல்லட்டிலா என்று தெரியாமல் போய்விடும்.

டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறதே, எதை வாங்குவது?

அது தலையின் விட்டம், மி.மீ. கணக்கில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நூறில் ஒரு மி.மீ. வித்தியாசம், தலைமுடித் தடிமனில் ஆறேழில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன வித்தியாசம் 10 மீட்டரில் தெரியுமா என்றால், நல்ல குழாயில் தெரியும். ஆனால் எது நல்லது என்று கடைக்காரரோ பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ சொல்ல முடியாது. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைபிள்களில் ஒன்று 4.49 கேட்கும், இன்னொன்று 4.51 கேட்கும்.

கைப்பதம் கொஞ்சம் உதவும். பெருவிரலால் தள்ளும்போது லேசான தடை தெரிந்து, பிறகு வழுக்கி உட்கார வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் பொடிசு. நகம் வலிக்க அமுக்க வேண்டியிருந்தால் பெரிசு. அமுக்கும்போதே ஸ்கர்ட் கெட்டுவிடும். ஒரு கம்பெனியின் 4.50-உம் இன்னொரு கம்பெனியின் 4.50-உம் ஒன்றாக இருக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

அப்படியானால் என் குழாய்க்கு ஏற்ற பெல்லட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று அல்லது நான்கு வகை வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்ற போட்டிப் பெல்லட்டில் ஒன்று இருக்கட்டும், இரண்டு தலை அளவுகளில் கிடைத்தால் இன்னும் நல்லது. ரைபிளுக்கு 0.53 கிராம் எடைதான் வழக்கம். 0.45 கிராம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பிஸ்டலுக்கானது. பலம் குறைந்த ஸ்பிரிங் ரைபிளில் அதுவும் நன்றாகவே ஓடும்.

சோதனைக்கு முன் குழாயை ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு வகையை மாற்றும்போதும் முதல் 15, 20 பெல்லட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுங்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் எண்ணெய்ப் பசையும் குழாயில் படிந்திருக்கும், புதியது தன் படிவைப் போட்டபிறகுதான் நிலைக்கு வரும். பலரும் தவறுவது இங்கேதான். மூன்றாவது டப்பாவைச் சுடும்போது அவர்கள் சோதிப்பது உண்மையில் இரண்டாவது டப்பாவின் அழுக்கை.

அதன்பிறகு உட்கார்ந்து, ரைபிளை மணல்பையில் தாங்கி, ஒரு அட்டைக்கு 10 வீதம் 5 அட்டைகள். அட்டையில் விழுந்த கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரால் அளந்து 4.5 கழித்தால் மையத்துக்கு மைய தூரம் கிடைக்கும். வெளி அளவு 8.5 என்றால் சிதறல் 4 மி.மீ. ஐந்து அட்டைகளின் சராசரியை எடுங்கள். ஐந்தில் மிக அழகான அட்டையை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு முடிவெடுப்பது ஏமாற்று. மூன்றே பெல்லட்டில் முடிவெடுப்பதும் அப்படித்தான்.

போட்டி ரைபிளைப் பட்டறைப் பிடியில் இறுக்கிச் சுட்டால் பத்தும் சேர்ந்து 6, 7 மி.மீ. வெளி அளவில் ஒரே ஓட்டையாக விழும். சாதாரண ஸ்பிரிங் ரைபிளில், ஓப்பன் சைட்டில் (குழாய்மேல் உள்ள, லென்ஸ் இல்லாத குறிபார்க்கும் அமைப்பு) 15 மி.மீ. வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிடித்த பெல்லட் தெரிந்ததும் டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான சரக்கின் எண்) குறித்துவைத்து, அதே எண்ணில் இன்னும் சில டப்பாக்கள் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் அச்சும் மாறியிருக்கலாம், சோதனை மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு பெல்லட்டையும் எடைபோட்டுப் பிரிக்க வேண்டுமா?

10 மீட்டருக்கு வேண்டாம். கணக்கே சொல்லிவிடும். நொடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகத்தில் புறப்படும் பெல்லட், 10 மீட்டரைக் கடக்க 0.06 நொடி எடுக்கிறது. அதற்குள் சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும். எடை 1 சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஏறக்குறைய 0.2 மி.மீ. கூடும். போட்டி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ., தசமத்தில் எண்ணினால் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஆக, எடை வித்தியாசத்தால் போவது ஒரு தசமம்கூட இல்லை. அந்த நேரத்தில் ஸ்கர்ட்டைக் கண்ணால் பார்த்து, நெளிந்ததையும் பிசிறு உள்ளதையும் ஒதுக்குங்கள். பலன் அதில்தான் அதிகம்.

தட்டை முனை, உருண்டை முனை, கூர்முனை?

அட்டைக்குத் தட்டை. காகிதத்தைப் பஞ்ச் மெஷின் போல வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. 25 மீட்டருக்கு மேல் டப்பா, மணி என்று சுடுகிறவர்களுக்கு உருண்டை. காற்றைக் கிழித்துப் போவதில் அது மேல். கூர்முனையை அச்சில் சரியாக மையத்தில் கொண்டுவருவது கஷ்டம் என்பதால் சிதறல்தான் கூடும். விளம்பரப் படத்தில் நன்றாக இருக்கும்.

‘நொடிக்கு 1000 அடி’ என்று போட்ட ரைபிள்தான் நல்லதா?

அந்த எண்ணைப் பெரும்பாலும் ஈயம் கலக்காத, எடை குறைந்த உலோகப் பெல்லட்டைப் போட்டுத்தான் எடுப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள உச்ச வரம்பு 20 ஜூல் ஆற்றல்; 0.53 கிராம் ஈயப் பெல்லட் அதைத் தொட நொடிக்கு சுமார் 275 மீட்டர், அதாவது 900 அடி போதும். உலகப் போட்டிகளில் சுடும் ரைபிள்கள் 170, 175 மீட்டரோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆற்றல் 8 ஜூலை ஒட்டி. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டியும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் போட்டியும் இந்த வேகத்தில் நடப்பவைதான். ஸ்பிரிங் ரைபிளில் வேகம் கூடக்கூட உதறலும் கூடும், அவ்வளவுதான் லாபம்.

கடற்கரையில் வலைக்கு ஈயம் உருக்கி வார்க்கிறோமே, அதேபோல் பெல்லட்டும் வார்த்துக்கொள்ளலாமே?

குளச்சலிலும் முட்டத்திலும் இந்தக் கேள்வி வருவது இயல்பு. வலை ஈயத்துக்கு எடை மட்டும்தான் வேலை, உருவம் கொஞ்சம் கோணினாலும் கடல் கேட்காது. பெல்லட் அப்படியில்லை.

ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சில் ஊற்றினால் குளிரும்போது சுருங்கும். ஸ்கர்ட்டின் மெல்லிய சுவர்வரை ஈயம் ஓடி நிரம்புவதற்குள் உறைந்துவிடும். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஓட்டையாக வரும். உள்ளே காற்றுக்குமிழி மாட்டினால் எடை ஒரு பக்கமாகச் சாயும், சுழலும்போது பம்பரம் தலையாட்டுவது போல ஆடும். கடையில் விற்கும் பெல்லட்டை வார்ப்பதில்லை. ஈயக் கம்பியைத் துண்டாக்கி, குளிர்ந்த நிலையிலேயே அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். நூறில் ஒரு மி.மீ. துல்லியம் கிடைப்பது அதனால்தான்.

இன்னொன்று, கைக்குக் கிடைக்கும் ஈயம் எது என்பது. டயர் பேலன்ஸ் எடையில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும், கெட்டியானது. ஏர் ரைபிளின் காற்றழுத்தத்துக்கு அந்த ஸ்கர்ட் விரியவே விரியாது. பழைய பேட்டரித் தகட்டை உருக்குவது உயிருக்கே கேடு. அமிலமும் நச்சு வாயுவும் வரும், வீட்டுப் பக்கம் அந்தப் பேச்சே வேண்டாம்.

வலைக்கு வார்க்கிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று: உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே அமிழ்ந்தால் அது நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து ஈயத்தை முகத்தில் அடிக்கும். ஈரக் கரண்டி, ஈர அச்சு, சாரல் விழும் கூரை, மூன்றும் ஆகாது.

வெளிநாட்டில் பெரிய ரைபிளுக்கு ஈயக்குண்டு வார்த்துச் சுடுகிறார்களே, அது எப்படிச் சரியாக வருகிறது?

அது வேறு கணக்கு. .30, .35 போன்ற நடுத்தரக் குழாய் ரைபிளில் வெடிமருந்து எரியும் அழுத்தம் பல மடங்கு. மெத்தென்ற ஈயம் அங்கே தாங்காது, ரைஃப்ளிங்கில் வழுக்கிக் குழாய் முழுக்க அப்பிக்கொள்ளும். ஆகவே தகரமும் (வெள்ளீயம்) ஆன்டிமனியும் கலந்து கெட்டியாக்குகிறார்கள். சுத்த ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் 5 என்றால், 90 பங்கு ஈயத்துக்கு 5 பங்கு தகரம், 5 பங்கு ஆன்டிமனி சேர்த்த கலவை 15-ஐத் தொடும். குண்டு குழாயின் பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். அடியில் செம்பு மூடி, பக்கத்து வரிப்பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு. இவ்வளவும் செய்தும் வேகத்தைக் குறைத்தே சுடுகிறார்கள். அங்கேயும் அடிப்படைப் பாடம் ஒன்றே: குண்டு குழாய்க்குப் பொருந்த வேண்டும்.

இங்கே அதைச் செய்துபார்க்க நினைக்க வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

டப்பாவைத் திறந்தால் பெல்லட் மேல் வெள்ளைப் பொடி. துடைத்துப் போடலாமா?

போடாதீர்கள். அது ஈயம் அரித்து வந்த பொடி. விரலில் ஒட்டும், மூச்சில் போகும், குழாயில் உரசும். நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஈரம் ஒதுங்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் ஈரம் மட்டும் காரணமில்லை. மர அலமாரியும் அட்டைப்பெட்டியும் அசிட்டிக் அமில ஆவியை விடுகின்றன. ஈரத்தோடு அது சேர்ந்தால் ஈயம் வேகமாக வெளுக்கும். தேக்கில் பெட்டி செய்து பெல்லட்டைப் பத்திரப்படுத்துகிறவர்கள் கெடுதல்தான் செய்கிறார்கள்.

தகர டப்பாவிலேயே வைத்து, அதை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஜெல் ஈரமானால் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். அன்றைக்கு வேண்டிய பெல்லட்டை மட்டும் வெளியே எடுங்கள்.

ரைபிளுக்குத் தேங்காயெண்ணெய் போடலாமா?

குமரியில் தலை முதல் கதவுக் கீல் வரை தேங்காயெண்ணெய்தான். ரைபிளுக்கு மட்டும் வேண்டாம்.

ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றைக் கண்மூடித் திறப்பதற்குள் அமுக்கும்போது அந்தக் காற்று நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும். காற்று அமுங்கும் அந்த அறைக்குள் எண்ணெய் இருந்தால் டீசல் இன்ஜினில் நடப்பது இங்கேயும் நடக்கும். பட்டென்று சத்தம், குழாயில் புகை, பெல்லட் தாறுமாறான வேகத்தில் போகும். ‘நம்ம ரைபிளுக்குப் பவர் கூடிட்டு’ என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. சில நாளில் பிஸ்டன் சீல் கருகி, ஸ்பிரிங் ஒடிந்து வந்து நிற்பார்கள். புது ரைபிள் முதல் சில பத்துச் சுடுதலில் லேசாகப் புகைவது கம்பெனி போட்ட கிரீஸால், அது தானாக அடங்கும். தேங்காயெண்ணெயாக இருந்தாலும் ஸ்பிரே எண்ணெயாக இருந்தாலும் காற்றுத் துளைக்குள் விட்டால் கதை ஒன்றுதான்.

வெளியில் பூசினாலும் பயனில்லை. நாள்பட்டால் காறி அமிலமாகும், தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். மார்கழி விடியலில் பேச்சிப்பாறைப் பக்கம் உறைந்தும் போகும். வெளி இரும்புக்கும் மடக்கும் கீலுக்கும் துப்பாக்கி எண்ணெய். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், துணியில் ஒரு சொட்டு விட்டுத் தடவியதும் துடைத்த மாதிரி தெரிய வேண்டும். ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸ். தோல் சீல் உள்ள பழைய ரைபிள்களுக்கு மட்டும், நீண்ட இடைவெளியில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய்.

துரு?

கைவியர்வையும் உப்புக்காற்றும்தான். சுட்டு முடித்ததும் இரும்பு முழுக்க எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஸ்பாஞ்ச் பெட்டியில் பூட்டி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்திருக்கும். பெட்டி கொண்டுபோக மட்டும்.

குழாயை எப்போது சுத்தம் செய்வது?

சிதறல் காரணமில்லாமல் கூடும்போது. போட்டி ரைபிளுக்கு 500-லிருந்து 1000 வரை சுட்டதும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேகத்தில் ஈயம் அதிகம் அப்பாது. தினமும் தேய்ப்பவர்கள்தான் குழாயைக் கெடுக்கிறார்கள்.

நைலான் கயிற்றில் சிறு துணித்துண்டு கோத்து, பெல்லட் ஏற்றும் பக்கத்திலிருந்து முனை நோக்கி இழுங்கள். துணி வெளுப்பாக வரும்வரை மூன்று நான்கு முறை போதும். இரும்புத் தூரிகை கூடவே கூடாது. முனையின் உள்விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பெல்லட் அந்தப் பக்கம் சாயும். ஃபெல்ட் பெல்லட்டை (கம்பளி நாரில் செய்த, சுத்தம் செய்வதற்கான பெல்லட்) பி.சி.பி.யில் சுட்டுச் சுத்தம் செய்யலாம். ஸ்பிரிங் ரைபிளில் அது எடையற்றுப் பறந்துவிடும், பிஸ்டன் முட்டி அடிபடும். வெறுமனே விசையை இழுப்பதும் அதே அடிதான். சுத்தம் செய்தபின் 10, 20 சுட்ட பிறகே பழைய இடத்தில் விழத் தொடங்கும். போட்டிக்கு முந்தின நாள் துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சிலிண்டரில் காற்று அடிப்பதில் கவனிக்க வேண்டியது?

போட்டி ரைபிள் சிலிண்டர்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்துக்கானவை. கைப்பம்பில் அடித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் தண்ணீராக உள்ளே சேரும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி வைத்த பம்பு வேண்டும், அதன் மருந்து நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். சில நிமிடம் அடித்து, பம்பு ஆறியபின் மீண்டும் அடியுங்கள். சிலிண்டரின் காலாவதித் தேதி அதிலேயே பொறித்திருக்கும், கடந்துவிட்டால் நிரப்பாதீர்கள்.

வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் இருக்கிறதே என்று ஆக்ஸிஜன் நிரப்பவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் துளி எண்ணெயைத் தொட்டாலும் வெடிக்கும்.

ஸ்பிரிங் ரைபிளை இறுக்கமாகத் தாங்கிச் சுட்டால் இன்னும் மோசமாகச் சிதறுகிறது. ஏன்?

பெல்லட் குழாயை விட்டுப் போவதற்குள் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னும் முன்னும் உதறுகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில், எப்போதும் அதே இடத்தில் சும்மா படுக்கவிடுங்கள். தோளில் லேசாகத் தொட்டால் போதும். சோதனைக்கு மணல்பையில் தாங்கும்போதும் பைக்கும் ரைபிளுக்கும் நடுவில் கை இருக்கட்டும்.

மேலும் கீழுமாகச் சிதறுகிறது. வேறு சிலருக்கு இடமும் வலமுமாக. எங்கே பார்ப்பது?

மேலும் கீழும் என்றால் வேகம் மாறுகிறது: ஸ்கர்ட் அடைப்பு, தேய்ந்த சீல், மடக்கும் இடத்து ரப்பர் வளையம், பி.சி.பி. என்றால் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர். மடக்கும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடுங்கள். பறந்தால் அங்கே கசிகிறது. இடமும் வலமும் என்றால் ரைபிளைச் சாய்த்துப் பிடிப்பது, விசையைப் பக்கவாட்டில் இழுப்பது, தளர்ந்த திருகு. கட்டைத் திருகுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் தள்ளி விழுந்தால் அது கோளாறே இல்லை, சைட்டைத் திருப்புங்கள். பின்சைட் பெல்லட் போக வேண்டிய பக்கம் நகர வேண்டும், முன்சைட் அதற்கு எதிர்ப்பக்கம்.

வீட்டிலேயே 10 மீட்டர் ரேஞ்ச் போடலாமா?

நீள அறையோ மூடிய மாடியோ இருந்தால் போடலாம். சுடுபவர் நிற்க, பின்னால் கொஞ்சம் இடம் என்று 13 மீட்டராவது வேண்டும். குறியின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். விளக்கை அட்டைமேல் விழும்படி வைத்து, சுடுபவர் கண்ணில் படாமல் மறையுங்கள்.

பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி: 12 மி.மீ. பிளைவுட்டில் 40 செ.மீ. சதுரம், 20 செ.மீ. ஆழம். பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழந்துணியைக் கெட்டியாகத் திணியுங்கள். முன்பக்கம் அட்டை. ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டுத் துணி பொந்தாகும், உள்ளே ஈயம் கட்டியாகும். அதில் பட்டால் அடுத்த பெல்லட் திரும்பித் தெறிக்கும். 1000 சுட்டதும் நடுத்துணியை மாற்றிவிடுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஜன்னலில்லாத கல்சுவர். ரேஞ்சுக்குள் திறக்கும் பக்கக் கதவு இருந்தால் சுடும்போது உள்ளிருந்து தாழ்ப்பாள். எல்லோருக்கும் கண்ணாடி.

தென்னை விளையில் மரத்தில் அட்டையைக் குத்திச் சுடுவது வேண்டாம். தவறிய பெல்லட் 300 மீட்டர்வரை போகும், அதற்குள் நம் ஊரில் எத்தனை வீடு, எத்தனை கிணற்றடி என்று யோசியுங்கள். பெல்லட் போட்ட காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் தென்னையும் போகும்.

வெளியில் சுட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்குக் காற்றும் கணக்கில் வரும். நொடிக்கு 5 மீட்டர் பக்கக்காற்று, 10 மீட்டருக்குள்ளேயே பெல்லட்டை ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளும், அதாவது நான்கு வளையம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஆடிக்காற்றில் சைட் சரிசெய்வது வீண்வேலை.

லைசென்ஸ் வேண்டுமா?

குழாய் 4.5 மி.மீ.க்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாமல் இருந்தால் ஆயுத விதிகள் 2016-இன்படி வேண்டாம். வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்பிரிங்கை மாற்றி, ரெகுலேட்டரைத் திருகி 20 ஜூலைத் தாண்டவைத்தால் அந்த விலக்கு போய்விடும். பஸ்ஸில் கொண்டுபோகும்போது உறையில் மூடி, பெல்லட் ஏற்றாமல், பில் நகலோடு.

வாழையை நாசம் செய்யும் பன்றியை, குரங்கை, குளத்துக் கொக்கைச் சுடலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 பாயும். ஏத்தன் வாழைக்குலையைப் பன்றி சாய்த்துப் போட்ட வயிற்றெரிச்சல் நியாயமானதுதான், ஆனால் 8 ஜூல் பெல்லட் பன்றியைக் கொல்லாது, புண்ணோடு ஓடவைக்கும். மனு வனத்துறைக்குத்தான். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் பாதுகாக்க வேண்டியவை என்ற பட்டியலில் உள்ளவை. பறவைகள் தவிர, தண்ணீரில் விழும் ஈயமும் அங்கே கேடு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், ஏர் ரைபிளும் அதில் சேரும்.

ஸ்டீல் உருண்டை போடலாமா?

ரைஃப்ளிங் உள்ள குழாயில் வேண்டாம். வரிகளைத் தேய்க்கும், பட்ட இடத்திலிருந்து கண்ணுக்கே திரும்பி வரும்.

ஈயம் உடம்புக்கு எவ்வளவு கெடுதல்?

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, அதன்பிறகே டீ, வடை. ரேஞ்ச் தரையை உலர் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும், ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெட்டியைச் சுத்தம் செய்யும் இடத்தில் நிற்க வேண்டாம்.

பெட்டியில் சேரும் பழைய ஈயத்தை என்ன செய்வது?

500 பெல்லட் டப்பா ஒன்றில் 265 கிராம் ஈயம். நாளுக்கு 100 வீதம் வருடத்தில் 300 நாள் சுடுகிறவர் 16 கிலோ சேர்ப்பார். கையுறையும் முகக்கவசமும் போட்டு, துணியை லேசாக நனைத்து உதறி, ஈயத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் எடுத்துவையுங்கள். பழைய இரும்புக் கடையில் ஈயம் என்று சொல்லியே போடுங்கள், விலையும் தனி. உதறிய துணியைக் கொல்லையில் எரிக்காதீர்கள்; இறுகக் கட்டித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.